எட்டுப் பேர் இருந்தால்தான் ஸ்பானிஷ்

டென்மார்க்கின் விபோர்க் நகரத்தில் ஒரு தமிழன் செய்யக்கூடிய பைத்தியக்காரத்தனங்கள் மொத்தம் பதினொன்று. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதில் பத்தை நாங்கள் எல்லோருமாகப் பங்குபோட்டுச் செய்தோம். மிச்சமிருந்த ஒன்றை ஓலா அண்ணை தனியாளாகச் செய்தார். ஜன்னல் தொழிற்சாலையில் நாள் முழுவதும் கண்ணாடி தூக்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஸ்பானிஷ் படிக்கப் போனார். மூன்று வருடம், மூன்று தரம். அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அவருடைய சொந்தப் பெயர் கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்கும் வரி இலாகாவுக்கும் மட்டுமே தெரியும். ‘ஓலா’ என்றால் ஸ்பானிஷில் வணக்கம். பஸ் சாரதிக்கு ஓலா, பல் வைத்தியருக்கு ஓலா, கோயில் ஐயருக்கு ஓலா. ஒருமுறை செத்தவீட்டு வாசலிலும் அவர் வாயில் அது வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த மனிசி ஒருத்தி அழுகையை நிறுத்தி, “ஓலா” என்று பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்து அழுதாள். அதற்குப் பிறகு, என்னைவிட ஒன்பது வயது இளையவராக இருந்தும், எனக்கும் அவர் ஓலா அண்ணைதான்.

ஏன் ஸ்பானிஷ் என்று கேட்பீர்கள். அவருக்கு ஒரே மகள், ஆரணி. டென்மார்க்கில் பிறந்தவள். அவருடைய மனைவிக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை என்பதால் தகப்பனும் மகளும் தனியாகத்தான் சாப்பிடுவார்கள். ஒருநாள் நானும் அந்த மேசையில் இருந்தேன். தகப்பன் தமிழில் இருபத்து மூன்று வசனம் பேசினார். மகள் டேனிஷில் நான்கு பதில் சொன்னாள். மூன்று, ‘ஒன்றுமில்லை’. நான்காவது, ‘கெச்சப் எங்கே?’ 

அந்த வருடம் அவள் ஜிம்னேசியத்தில் சேர்ந்தாள். எங்கள் ஊர்க் கணக்கில் உயர்தரம்; பல்கலைக்கழகத்துக்கு முந்திய மூன்று வருடப் படிப்பு. அங்கே ஒரு புதுமொழி எடுக்க வேண்டும். அவள் ஸ்பானிஷ் எடுத்தாள். அடுத்த நாளே இவர் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“அண்ணை, டேனிஷிலை அவள் என்னை விட்டிட்டு எங்கையோ போட்டாள். தமிழிலை நான் அவளை விட்டிட்டு நிக்கிறன். ஸ்பானிஷிலை ரெண்டுபேருக்கும் பூச்சியம். ஒரே கோட்டிலை நிண்டு வெளிக்கிட்டால் வழி நெடுகக் கதைச்சுக்கொண்டு போகலாம்தானே?”

“போம். அதுக்கு நான் ஏன்?”

“எட்டுப்பேர் இருந்தால்தான் வகுப்பு நடத்துவினமாம். ஆறு டேனிஷ் ஆக்கள், நான் ஏழு. நீங்கள் படிக்கத் தேவையில்லை அண்ணை, குந்தியிருந்தால் காணும்.”

படித்த மனிதனை இப்படி யாரும் அவமதித்ததில்லை. ஆனாலும் போனேன். வீட்டில் இருந்தால் கணுக்கால் வீங்குகிறது, வேறென்ன?

மாலைப் பள்ளி பேராலயத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடி. மின்தூக்கி கிடையாது. ஆசிரியை மார்த்தா, சிலி நாட்டின் இராணுவ ஆட்சிக்குத் தப்பி அகதியாக வந்து முப்பது வருடமாக டென்மார்க்கில் குளிர்ந்துகொண்டிருப்பவர். மற்ற ஆறு பேரும் கோடைக்கு ஸ்பெயின் கடற்கரையில் படுக்கப்போகிற ஓய்வூதியக்காரர்கள்.

முதல் நாள் மார்த்தா ரீச்சர் மேசையில் தட்டி, “மேசா” என்றார். ஓலா அண்ணை துள்ளி எழுந்தார். “மேசை! ரீச்சர், அது எங்கட மேசை!” ரீச்சர் தன் காலைத் தூக்கிக் காட்டி, “சபாத்தோ” என்றார். “சப்பாத்து!” என்று இவர் கத்தியதில் ஓய்வூதியக்காரி ஒருத்தியின் கண்ணாடி கழன்று விழுந்தது. ஸ்பானியர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு சொற்களை எடுத்துப் போய்விட்டார்கள் என்று வகுப்புக்கு டேனிஷில் அறிவித்தார். எடுத்துப் போகவில்லை, போர்த்துக்கேயர் கப்பலில் வந்து இறக்கிவிட்டுப் போனவை என்று நான் காதுக்குள் சொன்னேன்.

“ஆர் கொண்டுவந்தால் என்ன அண்ணை, மேசை இப்ப எங்கட வீட்டிலைதானே கிடக்கு!”

ஸ்பானிஷ் வகுப்புகளில் மனிதன் வளரும் விதம் விசித்திரமானது. முதலாம் தரத்தில் அவனுக்குப் பெயர், வயது, குடும்பம், பசி, இவ்வளவுதான் உண்டு. அவன் பெயரைச் சொல்வான், சகோதரர்களை எண்ணுவான், தக்காளி வாங்குவான், மணி கேட்பான். இரண்டாம் தரத்தில் அவனுக்குத் துன்பம் தொடங்கும். வயிறு வலிக்கும், பயணப்பை தொலையும், ரயில் தவறும், சூப்பில் ஈ கிடக்கும். மூன்றாம் தரத்தில் அவனுக்கு அபிப்பிராயம் வந்துவிடும். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியாது. நான் மூன்று வருடத்தில் கற்றது நாற்பத்தாறு சொற்கள். அதில் முப்பது எண்கள்.

ஓலா அண்ணை அப்படி இல்லை. முதல் வருடமே வீடு முழுக்கத் துண்டுக் கடுதாசியில் ஸ்பானிஷ் பெயர் எழுதி ஒட்டினார். நூற்றுப் பதினான்கு துண்டுகள். குளிர்ப்பெட்டிக்கு ஒன்று, சோறு அவிக்கும் இயந்திரத்துக்கு ஒன்று. இடியப்ப உரலுக்கு ஸ்பானிஷ் கிடைக்கவில்லை, கேள்விக்குறி போட்டு ஒட்டினார். ஆரணியின் அறைக் கதவில் ஒட்டிய துண்டு மட்டும் ஒருநாள் காலை காணாமல் போனது. மாலையில் திரும்ப இருந்தது. எழுத்துப் பிழை ஒன்று சிவப்பு மையால் திருத்தப்பட்டிருந்தது. அதை உரித்து எடுத்து, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்து, என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

“பாத்தீங்களே அண்ணை? பதில் வந்திருக்கு!”

இரண்டாம் தரத்தில் அவர் சாப்பாட்டு மேசையில் பரிசாரகர் ஆனார். தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு ரசத்தைக் கொண்டுவந்து வைப்பார். ரசத்தில் ஈ கிடக்கிறது என்று ஆரணி ஸ்பானிஷில் முறையிடுவாள். அது ஈ இல்லை அம்மணி, கடுகு என்று இவர் குனிந்து வணங்குவார். அந்தப் பிள்ளை சிரித்ததை அந்த மேசையில் நானும் இருந்த ஒருநாள்தான் முதலில் கேட்டேன். அன்று மகளின் பங்கு பதினொரு வசனம்.

மூன்றாம் தரத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. ஓய்வூதியக்காரர் ஒருவர் உண்மையிலேயே ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டார். ஓலா அண்ணை கோயில் ஐயரைப் பிடித்தார். முதலிரண்டு தரமும் படிக்காதவரை எப்படிச் சேர்ப்பது என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டார்கள். “அவருக்கு சமஸ்கிருதம் முழுக்கத் தெரியும். ஸ்பானிஷ் அதின்ரை சின்னத் தங்கச்சி” என்றார் இவர். அந்தப் பெண் மரியாதையோடு எழுதிக்கொண்டாள். காளைச் சண்டையைத் தடை செய்ய வேண்டுமா என்று விவாதம் வந்த அன்று, ஐயர் வேட்டிக்கு மேல் குளிர் ஜக்கெட்டோடு எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த ஒரே வசனத்தைச் சொன்னார்: “தக்காளி சிவப்பு.” இரண்டு பக்கத்தாரும் கைதட்டினார்கள்.

சிரிப்பு அந்த மார்கழியோடு முடிந்தது. தை பிறந்ததும், கடைசிப் போர் நடந்த வன்னியிலிருந்து வந்த செய்திகளை நீங்கள் அறிவீர்கள். நான் திரும்பச் சொல்லக் களைப்பாக இருக்கிறது. ஓலா அண்ணையின் அக்கா உள்ளே அகப்பட்டிருந்தார். அக்கா, அத்தான், மூன்று பிள்ளைகள். ஐந்து பேர். மாசியில் அக்காவிடமிருந்து ஒரு தொலைபேசி வந்தது. பிறகு வரவில்லை.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்தால் அவர் வகுப்பில் இருந்தார். பங்குனி கடைசியில் கோயிலில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அங்கை சனம் சாகுது. உமக்கு இஞ்சை ஸ்பானிஷோ?”

ஓலா அண்ணை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வீட்டுக்குப் போய் நூற்றுப் பதினான்கு துண்டுகளையும் கிழித்தார். அடுத்த செவ்வாய் வரவில்லை.

ஆக, ஏழு பேர். தொடர்ந்து மூன்று வாரம் எட்டுக்குக் குறைந்தால் வகுப்பை மூடுவது அந்தப் பள்ளியின் விதி. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். மூன்று மாடி ஏறத் தேவையில்லை. இரண்டுமுறை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். இரண்டு நாளும் சேர்த்து நான்கு சொற்கள் பேசினார்.

மூன்றாவது செவ்வாய் வகுப்பு தொடங்கிய பிறகு கதவு திறந்தது. ஆரணி. மார்த்தா ரீச்சரிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். ரீச்சர் தலையாட்டி, பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதினார். அவள் வந்து தகப்பனின் கதிரையில் இருந்தாள்.

“நீ ஏன் பிள்ளை இஞ்சை? உனக்குச் சோதினை வருதல்லோ?” என்றேன்.

“ஓம் மாமா.” பிறகு, நிறைந்த தட்டத்தைத் தூக்கி வருகிறவள்போல் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள். “அப்பா திரும்பி வரேக்கை கிளாஸ் இருக்கவேணும். வீட்டிலை அப்பா கதைக்கிறேல்லை. ஒரு பாஷையிலையும் இல்லை.”

ஐந்து செவ்வாய் வந்தாள். எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஸ்பானிஷ் தெரிந்தவள், வாய் திறக்காமல் எட்டாவது ஆளாக இருந்துவிட்டுப் போவாள்.

வைகாசியில் போர் முடிந்தது என்று டேனிஷ் தொலைக்காட்சி நாற்பது விநாடியில் சொல்லி முடித்தது. அடுத்த வாரம் செவ்வாய், வகுப்புக் கதவில் ஓலா அண்ணை நின்றார். மூன்று நாள் மழிக்காத முகம். தன் கதிரையில் மகள் இருப்பதைப் பார்த்தார். அவள் இங்கே வருவது அவருக்குத் தெரியாது. பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தார்.

மூன்றாம் தர வகுப்பு எப்போதும், ‘இந்த வாரம் என்ன செய்தி?’ என்ற கேள்வியோடுதான் தொடங்கும். ஒருவர் தன் தெருவில் கட்டும் சுற்றுவட்டத்தைப் பற்றிச் சொன்னார். இன்னொருத்தி தன் நாய்க்கு நடந்த சத்திரசிகிச்சையைச் சொன்னாள். ரீச்சர் ஓலா அண்ணையைக் கேட்காமல் தாண்டப் பார்த்தார். அவர் தானாகவே எழுந்து நின்றார்.

ஸ்பானிஷில் பேசினார். ‘அக்கா’ என்ற சொல் வந்தது. மிச்சம் எனக்கு விளங்கவில்லை. எண்கள் மட்டும்தான் எனக்குப் பிழையில்லாமல் விளங்கும். “ஐந்து” என்றார். மேசையைப் பிடித்துக்கொண்டார். “இரண்டு” என்றார்.

அவர் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது.

ஆரணி தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் அவர் இதைச் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஸ்பானிஷிலும் கேட்கவில்லை, டேனிஷிலும் கேட்கவில்லை.

“எந்த ரெண்டுபேர், அப்பா?”

“மாமியும் சின்னவளும், பிள்ளை. முகாமிலை இருக்கினம். நேற்றுத்தான் தெரியும்.”

பிறகு நிறுத்தவில்லை. அத்தானைப் பற்றி, மூத்தவனைப் பற்றி, நடுப்பிள்ளையைப் பற்றித் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். அவள் இடையிடையே கேட்டாள். சொல் வராத இடத்தில் அவர் எடுத்துக் கொடுத்தார். இருபத்தாறு நிமிடம். ஒரு சொல்லும் விளங்காத ஐந்து டேனிஷ்காரர்களும் அசையாமல் இருந்தார்கள். ஐயர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மார்த்தா ரீச்சர் பேனையை மூடி வைத்துவிட்டு, காணாமல் போனவர்களுக்காகத் தானும் காத்திருந்து பழகியவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய் மாலை, அவர் வகுப்புக்கு வருவாரோ என்று யோசித்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை. முழங்கால் வலியோடு அவர் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்தவர் அப்போதுதான் வேலையால் வந்த களையோடு நின்றார்.

“என்ன அண்ணை, இந்தப் பக்கம்?”

நேரம் போகிறது, பிந்தினால் முன்வரிசைதான் கிடைக்கும், அங்கே கதவுக் குளிர் அடிக்கும் என்று சொல்ல மூன்று முறைப்பாடுகள் என் வாயில் வரிசையாக நின்றன. அவர் முகத்தைப் பார்த்தேன்.

“முகத்தைக் கழுவி, தேத்தண்ணி குடிச்சிட்டு, ஆறுதலாய் வாரும்” என்றேன். “நான் நிக்கிறன்.”