பந்தைப் பார்க்காத மார்க்கு நைனா

ஒரு பாஸ்கெட் பால் ஆட்டத்தை முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை இமை கொட்டாமல் பார்த்துவிட்டு, பந்தை மட்டும் ஒருமுறைகூடப் பார்க்காத மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அந்த ஒருவரும் பார்த்துப் பார்த்து எங்கள் திருத்தணியில், அதுவும் எங்கள் தெருவில் வந்து பிறந்திருந்தார்.

அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மார்க்கு நைனா. நெசவாளர் சங்கத்தில் துணிக்குத் தரம் பார்க்கிற வேலை. நாங்கள் நெய்து கொண்டுபோகிற லுங்கியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். கண்ணில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து இழை எண்ணுவார். பிறகு துணியைத் திருப்பிப் போடுவார். அங்கேதான் நாங்கள் மாட்டிக்கொள்வோம்.

"முன்பக்கத்த வாங்கறவன் பாத்துக்குவான். எனக்குப் பின்பக்கம் காட்டு" என்பார்.

பின்பக்கத்தில் எல்லாம் தெரியும். அறுந்து முடிச்சுப் போட்ட இழை, தூங்கிவிழுந்ததில் விட்டுப்போன ஊடை இழை, சினிமாவுக்குப் போகிற அவசரத்தில் இழுத்து அடித்த நாலு அங்குலம். நீலப் பென்சிலால் மூலையில் நூற்றுக்கு இத்தனை என்று எழுதித் தள்ளிவிடுவார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

எதற்கும் மார்க்கு போடுவார். ஒரு கிருத்திகைக்கு மலைக்குப் போனவர், பிரசாதப் பொங்கலை ஒரு வாய் போட்டுவிட்டு மடைப்பள்ளிக்காரரைப் பார்த்து, "அறுவத்திரெண்டு" என்றார்.

"சாமி பிரசாதத்துக்கே மார்க்கு போடறியா நைனா?"

"சாமிக்கு இன்னாத்துக்குப் போடறேன்? உனக்குத்தான்."

இந்த மனிதர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

எழுபதுகளின் நடுவில் இருக்கும். சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் காலையில் தறிக்கான பாவு நூலை இழுத்துக் கட்டுகிற நீள மைதானம். வாரம் முழுக்க அங்கே கஞ்சி வாசனையோடு நூல் ஓடும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஓடுவோம். இரண்டு கம்பம், இரண்டு பலகை, இரண்டு வளையம். மேலே மலை. செம்மண் புழுதியும் கோயில் மணியும் ஒன்றாகக் கலந்து எங்கள் மூக்கிலும் காதிலும் ஏறும். அந்த வயதில் எனக்குக் கால் தரையில் நிற்காது. தறிக்குழியில் ஆறு நாள் மடக்கி வைத்த காலை ஏழாம் நாள் அவிழ்த்துவிட்டால் அது எங்கே நிற்கும்?

நைனா கோட்டுக்கு வெளியே முக்காலி போட்டு உட்காருவார். பந்து தெற்கே போனால் அவர் முகம் வடக்கே இருக்கும். பந்து வடக்கே வந்தால் தெற்கே திரும்பிக்கொள்வார். ஊரே "ஓ" என்று எழுந்து நிற்கும்போது அவர் எதிர்ப்புறத்தில் எவனோ ஒருவன் முதுகைச் சொறிவதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்: "யாரு ஜெயிச்சது?"

கேட்டுவிட்டு நேரே சங்கத்தின் கரும்பலகைக்குப் போவார். அதில் எப்போதும் 'நூல் வரவில்லை' என்று எழுதியிருக்கும். அதை அழிக்காமல், அதன் கீழே எங்கள் பெயரும் மார்க்கும் எழுதுவார். மறுநாள் நூல் கேட்டு வருகிற ஊர்க்காரர்கள் எல்லாம் நூல் இல்லை என்பதையும் நாங்கள் லாயக்கில்லை என்பதையும் ஒன்றாகப் படித்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் கேப்டனின் அப்பா ஒருதரம் பையனுக்கு மார்க்கு ஏற்றிக் கேட்க, கோழிக் குழம்போடு போனார். நைனா மறுக்கவில்லை. விரல் சூப்பிச் சாப்பிட்டார். ஏப்பம் விட்டார். சொன்னார்: "குழம்பு எழுவத்தஞ்சு. உம் பையன் அதே முப்பத்தஞ்சுதான்."

எனக்கு அப்போது ஒரே வெறி. தறியை விட்டு வெளியேற வேண்டும். சென்னையில் ஒரு நூற்பாலை தனக்கென்று பாஸ்கெட் பால் அணி வைத்திருந்தது. ஆட்டக்காரனுக்கு வேலை, சம்பளம், தங்க இடம். ஆடுவதற்கே சம்பளம்! அந்த ஆலைக்கு ஆள் பொறுக்குகிறவர் ஒருநாள் எங்கள் ஊருக்கு வருகிறார், அரக்கோணம் பையன்களோடு நாங்கள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து ஒருவனை எடுத்துக்கொள்வார் என்று செய்தி வந்தது. ஒரே ஒருவனை. அந்த ஒருவன் நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன். ஆலைக்காரருக்குத் தெரிவிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அந்த ஆட்டத்தை எப்படிச் சொல்வேன்! மூச்சு முட்டி, முழங்கால் உரிந்து, நாற்பத்தைந்துக்கு நாற்பத்தாறு என்று பின்தங்கி நிற்கிறோம். கடைசிச் சில நொடி. பந்து என் கைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தேன். பலகையில் பட்டு, வளையத்தில் உட்கார்ந்து, யோசித்து, உள்ளே விழுந்தது. விசில். ஒரு பாயிண்டில் ஜெயித்தோம்!

என்னைத் தூக்கினார்கள். கீழே போட்டார்கள். மறுபடி தூக்கினார்கள். ஆலைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நோட்டைத் திறந்தார்.

"பேர் என்ன தம்பி?"

"தேசிங்குங்க."

அவர் 'தே' எழுதினார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாரு ஜெயிச்சது?"

ஆலைக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஐயா, நீங்க என் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆங். உக்காந்துகினுதான் இருந்தேன். நாம்ப ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சீங்க. உங்களுக்குக் கண்ணு…?"

"கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு நைனா கரும்பலகைக்குப் போனார். ஆலைக்காரர் பேனாவை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். நான் பேனாவையே பார்த்தேன். அது 'தே'யிலேயே நின்றது.

நைனா எழுதினார். முனிரத்தினம், எண்பத்து மூன்று. அப்புறம் மற்றவர்கள். கடைசியில் தேசிங்கு, நாற்பத்தொன்று.

முனிரத்தினம் எங்கள் அணியின் அப்பாவி. அன்றைக்கு ஒரு கூடைகூடப் போடவில்லை. கரும்பலகையைப் பார்த்ததும் பயந்துபோய், "நைனா, நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டான். குற்றம் சாட்டப்பட்டவன் மாதிரி.

நான் பாய்ந்தேன். "நைனா! ஜெயிச்ச கூடை நான் போட்டது!"

"அப்படியா? நான் பாக்கல."

"பாக்காம எப்படி மார்க்கு போட்ட?"

"மத்ததெல்லாம் பாத்தேன். உன் கையில பந்து இல்லாதப்ப நீ இன்னா பண்ணே? இடுப்புல கைய வெச்சுகினு நின்னே. பனியன தூக்கி மூஞ்சி தொடச்சே. அந்தச் செவப்புத் தாவணிய நாலுவாட்டி திரும்பிப் பாத்தே."

கூட்டம் சிரித்தது. செவப்புத் தாவணி எழுந்து வீட்டுக்குப் போனது.

"நீ மறிக்க வேண்டிய அரக்கோணத்தான் எட்டுக் கூடை போட்டானாம். நீ எவ்ளோ போட்டே?"

"அஞ்சு."

"எட்டுல அஞ்சு போனா?"

"…மூணு."

"மூணு கூடை ஊருக்கு நஷ்டம். இவன் முனிரத்தினம், அந்தப் பனமரம் மாதிரி வந்தானே, அவனுக்கு முன்னால முதுக காட்டி நின்னுகினே இருந்தான். ரெண்டாவது பாதி முச்சூடும் அந்த ஆளு பலகைகிட்டவே வர முடியல. பந்தே தொடாம ஆடினான். பின்பக்கம் சுத்தமா இருக்குது."

ஆலைக்காரர் நோட்டை மூடவில்லை. "இந்தத் தேசிங்கை எடுத்துக்கிட்டா என்னங்க ஆகும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வாரத்துக்கு ஒரு கூடை அழகாப் போடுவான். பேப்பர்ல பேரு வரும். நீங்க தோத்துகினே இருப்பீங்க."

"தேறுவானா?"

நைனா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு, "இன்னிக்குச் சொல்ல முடியாதுங்க" என்றார்.

ஆலைக்காரர் 'தே'யை அடித்துவிட்டு முனிரத்தினம் என்று எழுதினார். அடுத்த வாரம் அவன் அழுதுகொண்டே ரயில் ஏறினான். நான் அழாமல் தறிக்குழியில் இறங்கினேன்.

ஒரு மாதம் நைனாவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என் லுங்கிக்கு எழுபது போட்டார், எழுபத்திரண்டு போட்டார், தள்ளினார். அந்த நிம்மதிதான் என்னை எரித்தது. ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டுச் சபதம் செய்தேன். இந்த ஆளின் கையால், இதே நீலப் பென்சிலால் அல்ல, அந்தச் சாக்பீஸால், எல்லாரும் படிக்க எண்பது வாங்காமல் விடுவதில்லை.

பந்தை விட்டுவிட்டேன். விடிகாலையில் பாவு கட்டுகிறவர்கள் வருமுன் மைதானத்துக்குப் போய், பந்தே இல்லாமல் ஓடினேன். பக்கவாட்டில் ஓடினேன். பின்னால் ஓடினேன். இல்லாத ஒருவனை மறித்தேன். பால்காரர் பார்த்துவிட்டு, "தேசிங்குக்கு மலையடிவாரத்துல ஏதோ புடிச்சுகிச்சு" என்று ஊரெல்லாம் சொன்னார். அம்மா வேப்பிலை அடிக்க ஆள் கூட்டிவந்தாள். அவரையும் மறித்தேன்.

நாற்பத்துநாலு. மறுபடி நாற்பத்துநாலு. அப்புறம் முப்பத்தொன்பது!

"ஏன் நைனா எறங்குச்சு?"

"கோவத்துல ஆடினே. எம்மேல இருக்கற கோவத்த அந்தப் பையன் மேல காட்டினே. அவன் இன்னா பண்ணான், பாவம்."

ஐம்பத்தெட்டு வந்தபோது மழை. அறுபத்தாறு வந்தபோது வெயில். ஒரு ஞாயிறு பெயருக்குப் பக்கத்தில், 'பந்து இல்லாதபோதும் ஆள் உயிரோடு இருக்கிறான்' என்று எழுதியிருந்தார். அந்த வாக்கியத்தைப் படிக்க நாலுமுறை அந்தப் பக்கமாகப் போனேன். ஒன்றரை வருடம் கழித்து, நாங்கள் படுதோல்வி அடைந்த ஒரு மத்தியானத்தில் பலகையில் எழுதினார்: தேசிங்கு, எண்பது. தோற்றுப்போன சோகத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் ஒருவன் மட்டும் மைதானத்தில் குதித்தேன். கேப்டன் என்னை அடிக்க வந்தான்.

ஆனால் ஆலைக்காரர் திரும்ப வரவேயில்லை. எண்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? லுங்கிதான் நெய்தேன்.

எண்பது வாங்கிய அடுத்த வாரம் ஒரு நாள் சங்கத்தில் தரம் பார்க்க ஆள் இல்லை. நைனா லீவு! அந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் அதுவரை நடக்காத காரியம். துணி மலைபோல் குவிந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரைத் திட்டினார்கள். நானும் திட்டினேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக.

அவர் எங்கே போயிருந்தார் என்பதை முனிரத்தினம் எழுதிய கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். காலை ரயிலில் சென்னைக்குப் போயிருக்கிறார். ஆலை கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. மாலை நாலு மணிவரை வெயிலில் நின்றிருக்கிறார். ஷிப்ட் முடிந்து வந்த முனிரத்தினம் பார்த்துப் பதறி, ஆலைக்காரரிடம் கூட்டிப்போயிருக்கிறான். நைனா மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாராம். ஒன்றரை வருடத்து என் மார்க்கு, ஞாயிறு ஞாயிறாக.

ஆலைக்காரர் படித்துவிட்டு, "சிபாரிசுக்கு வந்தவர் இந்த நாப்பத்தொண்ணையும் முப்பத்தொம்பதையும் விட்டுட்டு எழுதியிருக்கலாமே?" என்று சிரித்தாராம்.

"அத விட்டா எண்பத எப்படிங்க நம்புவீங்க? தேறுவானான்னு கேட்டீங்களே. இப்பச் சொல்றேன். தேறிட்டான்."

எனக்கு வேலை வந்தது.

கிளம்புகிற அன்று ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. வாழ்த்தும் சொல்லவில்லை. ரயில் அரக்கோணம் பக்கம் நகரப் போகிறது. திடீரென்று கேட்டார்:

"அங்க யாரு மார்க்கு போடுவாங்க?"

"யாரும் போட மாட்டாங்க நைனா. கோச்சு இருக்கார். ஜெயிச்சா கை குலுக்குவார்."

அவர் முகம் சட்டென்று வாடியது. "அப்போ நீ எப்படி ஆடறேன்னு உனக்கு எப்படிரா தெரியும்?"

ரயில் நகர்ந்தது. கூடவே நாலடி நடந்துகொண்டே, "மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம வந்துடு" என்றார்.

ஆறு வருடம் போனேன். மாதம் ஒரு ஞாயிறு ரயிலேறி, செம்மண்ணில் ஒரு ஆட்டம் ஓடி, மார்க்கு வாங்கிக்கொண்டு இரவே திரும்பினேன். ஊரில் இவனுக்கு யாரோ ஒரு ஆள் இருப்பதாக ஆலையில் எல்லோரும் கேலி பேசினார்கள். நான் இல்லையென்று சொல்லவில்லை.