பித்தப்பைக் கல்லும் புதுப் பிக்கப்பும்

வாரத்தில் ஒரு நாளாவது, என் மனைவி கெர்ட்ரூட் காதுக்கு எட்டாத தூரத்தில் கிதார் வாசித்துவிடுவது என்று தீர்மானித்தேன். என் வயதில் மற்றவர்கள் இமயமலைக்குப் போக ஆசைப்படுகிறார்கள். நான் பக்கத்து ஊரான கிள்ளானுக்குப் போக ஆசைப்பட்டேன்.

காரணம் இருக்கிறது. கெர்ட்ரூட் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் ஞாயிறு காலைப் பூசைக்குப் பாடும் குவாயரின் தலைவி. அவள் காதுக்கு எந்தச் சுருதியும் தப்பாது. நான் ஹாலில் உட்கார்ந்து வாசிப்பேன். அவள் சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். என் விரல் ஓர் இழை தள்ளி விழுந்தால் போதும், அங்கிருந்து "ஹூம்" என்று ஒரு கனைப்பு வரும். வேறு ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த ஹூமுக்குப் பயந்தே பாதிப் பாட்டில் கிதாரை வைத்துவிட்டு டீவியைப் போட்டுவிடுவேன். எந்தப் பாட்டையும் முடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் என் சிநேகிதன் சுகுமாறன் கூப்பிட்டான். கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருக்கிறான். பொழுதுபோக்குக்கு ‘கிள்ளான் கௌபாய்ஸ்’ என்று ஒரு பேண்டும் வைத்திருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலமானால் ஒரு கிளப்பில் கன்ட்ரி நைட், கௌபாய் ஊர் நாட்டுப்புறப் பாட்டுக் கச்சேரி. அவனுடைய லீட் கிதார்காரர் மகளோடு பெர்த் நகரத்துக்கே குடிபோய்விட்டார். என்னைக் கிதாரோடு வரச்சொல்லி, வாசிக்க வைத்துக் கேட்டான்.

"கையெல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு," என்றான். "சத்தந்தான் சரியில்ல. உங்க கிதாருக்குச் சளி பிடிச்சிருக்குலா."

"ராக் வாசிச்ச கிதாருடா இது. டபுள் காயில்."

"அதான் பிரச்சன. கன்ட்ரிக்கு ‘ட்வேங்’னு வேணும். பிக்கப்ப மாத்திட்டு வாங்க. நீங்கதான் லீட்."

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எலெக்ட்ரிக் கிதாரின் கம்பிகளுக்கு அடியில் காந்தத்தைச் சுற்றிச் செப்புக்கம்பி சுற்றி வைத்திருப்பார்கள். அதுதான் பிக்கப். கம்பி அதிர்வதை அது பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். இரண்டு சுருள், அதாவது டபுள் காயில், இருந்தால் சத்தம் தடிமனாக வரும், இரைச்சல் இருக்காது. ஒரு சுருள், சிங்கிள் காயில், இருந்தால் கணீரென்று வரும், கூடவே ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சலும் வரும். கன்ட்ரிப் பாட்டுக்காரர்களுக்கு அந்தக் கணீர் வேண்டும். அதற்காக ‘ம்ம்ம்’மைப் பொறுத்துக்கொள்வார்கள். கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

என் முன்னால் இருந்த பிரச்சினைகள் இரண்டு. நல்லாயிருக்கிற கிதாருக்கு எதற்குப் புதுப் பிக்கப் என்று கெர்ட்ரூட் கேட்பாள். பிறகு, ஒவ்வொரு சனிக்கிழமையும் கிதாரைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்பாள். கிளப்புக்கு என்று சொன்னால் தீர்ந்தது. அவளும் கூடவே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். நான் கிள்ளான் வரைக்கும் போய் அங்கேயும் ஹூம் வாங்க வேண்டும்.

குளித்துக்கொண்டிருந்தபோது யோசனை வந்தது. ஒரே கல்லில் இரண்டு பிரச்சினைகளும் விழுந்தன. அந்தக் கல், என் பித்தப்பைக் கல்.

"கெர்ட்டி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"போன வருஷம் எனக்குப் பித்தப்பையில கல்லு எடுத்தாங்கல்ல?"

"ஆமா. அதப் போத்தல்ல போட்டு ஊறுகா பக்கத்துல வச்சிருக்கீங்க. அதத் தூக்கிப் போடணும்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"அப்போ நான் அந்தோணியாருக்கு ஒரு நேர்ச்சை வச்சேன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"என்ன நேர்ச்சை?"

"கல்லு நல்லபடியா வெளிய வந்துட்டா, கிதாருக்குப் புதுப் பிக்கப் போட்டு, சனிக்கிழமை சாயங்காலப் பூசையில வாசிக்கிறேன்னு."

"பிக்கப்பையெல்லாம் சொல்லியா நேர்ந்துக்கிட்டீங்க?"

"விவரமாச் சொன்னாத்தானே அவருக்கும் புரியும்."

"ஒரு வருஷமா ஏன் வாயத் தொறக்கல?"

"மறந்துபோச்சு கெர்ட்டி. நேத்து வலப்பக்கம் லேசாக் குத்துச்சு. சட்டுன்னு ஞாபகம் வந்துருச்சு."

கெர்ட்ரூட் சிலுவை போட்டுக்கொண்டாள். "நேர்ச்சைய மறந்தா குத்தாம என்ன செய்யும்? மொதல்ல போய்ப் போடுங்க."

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறவன். பச்சை விழுந்ததென்றால் எனக்குத் தெரியும். அவள் குவாயர் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமைப் பூசைப் பக்கம் அவள் தலைவைத்துப் படுப்பதில்லை. நான் கிதாரோடு கோயிலுக்குக் கிளம்புவேன், கார் கிள்ளானுக்குத் திரும்பும். இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வீணாக இருந்துவிட்டோமே என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

"நானும் கடைக்கு வரேன்," என்றாள். "நேர்ச்சைக்கு வாங்குறதுல்ல? ரெண்டு பேரும் சேர்ந்துதான் போகணும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

சுபாங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் கிதார் பழுது பார்க்கும் ஷானிடம்தான் சுகுமாறன் என்னைப் போகச் சொல்லியிருந்தான். கீழே பார்க்கிங் கிடைக்கவில்லை. இன்னொருத்தர் காருக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு மேலே போனோம். ஷான் மூன்று கிதாரை எடுத்து வைத்தான். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான பிக்கப்.

"அங்கிள், என்ன பாட்டு வாசிப்பீங்க?"

"மாதா பாட்டு," என்றேன் சத்தமாக.

முதல் கிதாரில் வாசித்தேன். அது டபுள் காயில், காந்தமும் சக்திவாய்ந்தது. கெர்ட்ரூட் காதைப் பொத்திக்கொண்டாள்.

"லோரி ரிவர்ஸ் எடுக்குற மாதிரி இருக்கு. வேணாம்."

இரண்டாவதில் ஒரு சுருளுக்கு மேல் இன்னொரு சுருளை அடுக்கி இரைச்சலை அடக்கியிருந்தார்கள். சத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த சுத்தம். ட்வேங் இருந்தது, வாலை மட்டும் யாரோ நறுக்கிவிட்டார்கள்.

"இது நல்லாருக்கே," என்றாள் கெர்ட்ரூட்.

"பொறு, பொறு."

மூன்றாவது சிங்கிள் காயில். டபுள் காயில் இருந்த குழிக்கே சரியாக உட்காரும்படி செய்தது, மரத்தை வெட்ட வேண்டாம். காந்தத்தின் இழுப்பும் அளவோடு இருந்தது, கம்பியின் சத்தம் உடையாமல் வரும். மாதா பாட்டை ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் விரல்கள் என்னைக் கேட்காமல் டெக்சாஸ் பக்கம் போய்விட்டன. ட்வேங்! என் ஆயுசில் என் கையிலிருந்து அப்படியொரு சத்தம் வந்ததில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"அங்கிள்! அதான் கன்ட்ரி!" என்றான் ஷான்.

நான் இருமினேன். கெர்ட்ரூட் திரும்பினாள்.

"கன்ட்ரின்னா?"

"கிராமம், கெர்ட்டி. கிராமத்துச் சத்தம். எளிமை, தாழ்ச்சி, அந்த மாதிரி."

"தாழ்ச்சி நல்லதுதான்." அவள் காதைச் சாய்த்தாள். "நீங்க வாசிக்காதப்பவும் ம்ம்ம்ங்குதே, அது என்ன?"

மேலே எரிந்த குழல்விளக்கால் வந்த இரைச்சல் அது. அப்படிச் சொன்னால் இரண்டாவதுதான் தேறும்.

"நேர்ச்சைக் கிதாருல்ல? சும்மா இருக்கிறப்பவும் ஜெபிக்குது."

ஷான் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். அந்த நேரம் பார்த்துக் கீழே ஹார்ன் அலறியது. என் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர். அவர் கை ஹார்னை விட்டு எழவேயில்லை. நான் ஓடிப்போய்க் காரை எடுத்து, சுபாங் ஜெயா முழுக்கச் சுற்றி, ஒரு கிளினிக்குக்குப் பின்னால் இடம் பிடித்து, மூச்சுவாங்க மேலே வந்தேன். கெர்ட்ரூட்டும் ஷானும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

"மூணாவதையே போடச் சொல்லிட்டேங்க," என்றாள்.

"ரெண்டாவது நல்லாருக்குன்னியே?"

"நேர்ச்சைக்குக் கொறை வைக்கலாமா?"

அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. இவ்வளவு வெள்ளை மனசுக்காரியை ஏமாற்றுகிறோமே என்று, பாலர் பள்ளிப் பிள்ளையிடம் மிட்டாய் பிடுங்கியவன் போல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ட்வேங். கன்ட்ரிப் பாட்டுகளாகவே வாசித்தேன், எல்லாம் பழைய ஞானப்பாட்டு என்று சொல்லிக்கொண்டேன். எத்தனையோ இடத்தில் விரல் தப்பியது. சமையல்கட்டிலிருந்து ஒரு ஹூம்கூட வரவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிக்கப்பின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. கிள்ளானில் ஆறரைக்கு முதல் பாட்டு. நான் நாலரைக்கே குளித்துச் சட்டை மாட்டிக் கிதார் பையைத் தோளில் போட்டேன்.

"பூசைக்குப் போயிட்டு வரேன் கெர்ட்டி."

"ஆறு மணிப் பூசைக்கு இப்பவேவா?" படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "அதுவும் நல்லதுதான். பாதர் உங்களச் சீக்கிரமா வரச் சொன்னாரு."

கிதார் பை தோளிலிருந்து வழுக்கியது.

"எந்தப் பாதர்?"

"நம்ம பாதர்தான். நேர்ச்சையப் பத்திச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். சனிக்கிழமைக்குக் கிதார் வாசிக்க ஆளே இல்லையாம். வருஷம் பூரா உங்க பேரையே போட்டுட்டாரு."

"வருஷம் பூராவா?"

"ஒரு நாளைக்குன்னு சொல்லியா நேர்ந்துக்கிட்டீங்க?"

நான் பால்கனிக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு சுகுமாறனைக் கூப்பிட்டேன். இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள், அடுத்த வாரம் ஏதாவது வழி பண்ணுகிறேன் என்று சொல்ல நினைத்தேன்.

"அண்ணே! நானே கூப்பிடணும்னு இருந்தேன். அக்கா பேசுனாங்க."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான். ஷான்கிட்ட நம்பர் வாங்குனாங்களாம். ஏண்ணே, நேர்ச்சை வச்ச கிதாரயா பியர் விக்கிற எடத்துக்குக் கொண்டாரப் பாத்தீங்க?"

"சுகு, நான் சொல்றதக் கேளு."

"நீங்க கேளுங்க. நான் வருஷா வருஷம் பத்துமலைக்குக் காவடி எடுக்குறவன். சாமிக்குன்னு நேர்ந்தா அது சாமிக்குத்தான். அந்தோணியாரா இருந்தா என்ன, முருகனா இருந்தா என்ன? நீங்களே வந்தாலும் நான் மேடையில ஏத்தமாட்டேன்."

வேறு வழியில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று துணிந்தேன்.

"சுகு, நேர்ச்சையே கிடையாதுடா. வீட்ல சும்மா சொன்னேன்."

 

"சாமி பேர்லயா பொய் சொன்னீங்க?" அவன் குரலே மாறிவிட்டது. "ஐயோ அண்ணே, இது அதவிட மோசம். நீங்க பக்கத்துல நின்னா ஸ்பீக்கரே வெடிச்சிடும். ஷான் வாசிக்கிறேன்னு சொல்லிட்டான். நீங்க பேசாம பூசைக்குப் போங்க. எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்குங்க."

வைத்துவிட்டான்.

திரும்பி ஹாலுக்கு வந்தேன். படுக்கையறைக் கதவு திறந்தது. கெர்ட்ரூட் நின்றாள். ஜீன்ஸ். சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. முழங்கால் வரைக்கும் பூட்ஸ். தலையில் கௌபாய்த் தொப்பி. எனக்கு ஒரு நிமிஷம் யார் வீட்டுக்குள் வந்துவிட்டோம் என்றே புரியவில்லை.

"எங்க கெளம்பிட்ட?"

"கிள்ளானுக்கு. வனேசா கீழ கார்ல நிக்கிறா." வனேசா அவள் தங்கச்சி. "கன்ட்ரி நைட்டாம். லைன் டான்ஸ் ஆடப் போறோம். எனக்கு நாளைக்குத்தானே பூசை?"

"உனக்கு எல்லாம் தெரியுமா?"

"நீங்க பார்க்கிங் தேடிப் போனீங்கல்ல, அப்பவே ஷான் சொல்லிட்டான். நல்ல மனுசன். கன்ட்ரி நைட்டுக்கு வாங்க ஆன்டி, அங்கிள் வாசிக்கிறாருன்னு என்னையே கூப்பிட்டான்."

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

"கெர்ட்டி, ஒன்ன ஏமாத்தணும்னு இல்ல. கிளப்புன்னு சொன்னா நீயும் வந்து முன்னாடி உக்காந்துக்குவ. தப்பு வாசிச்சா ஹூம்னு கனைப்ப. அதுக்குப் பயந்துதான் இவ்வளவும்."

அவள் தொப்பியைக் கழற்றினாள். என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"நானா? நீங்க வாசிக்கிற எடத்துக்கா? ஏங்க, வாரம் பூரா வீட்ல கேக்குறது போதாதா?"

"அப்போ இன்னிக்கு மட்டும் ஏன் போற?"

கண்ணாடியைப் பார்த்துத் தொப்பியை மறுபடியும் வைத்து, கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள்.

"நீங்க வாசிக்கலன்னு உறுதியானப்புறந்தானே டிக்கட்டே வாங்குனேன்."