‘நீச்சல் குளம்’ என்று எழுதியிருந்த கதவு

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வெள்ளைக்கோலும் நீங்கள் வாங்கிக் கொடுத்த சக்கரப் பெட்டியும் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தட்டச்சு செய்கிறேன். நான் அடிக்க அடிக்க இந்தக் கணினி ஒவ்வொரு சொல்லையும் எனக்கு வாசித்துக் காட்டுகிறது. ‘மாப்பிள்ளை’ என்று வரும்போது மட்டும் ஏதோ நோயின் பெயரைச் சொல்வது போல இழுக்கிறது. அது கணினியின் குறை, என் கருத்தல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். நான்கு நாள் கடலோர விடுதியில் தனியாக இருந்து வம்புதும்பு இல்லாமல் திரும்பினால் அடுத்து மலைக்கும் தனியாகப் போகலாம், ஏதாவது நடந்தால் இனிமேல் தெருமுனைக்குக்கூட ஆள் துணையோடுதான் என்பது என் மகள் வழங்கிய தீர்ப்பு. உங்கள் அத்தையோ முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு, வீடு நாலு நாள் அமைதியாக இருக்கட்டும் என்று என் பெட்டியைத் தானே அடுக்கி வாசலில் கொண்டுபோய் வைத்தாள். மூன்றாம் நாளான இன்று, நடந்ததை நடந்தபடி உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அதில் எதை எப்படி மகள் காதில் போடுவது என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறேன். மலைப் பயணத்துக்கு எப்படியாவது அனுமதி வாங்கித் தர வேண்டும். அந்த அனுமதிக்காகத்தான் இந்தக் கடிதமே.

உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அறை பதிவு செய்யும்போது ‘சிறப்புத் தேவைகள்’ என்ற கட்டத்தில், ‘விருந்தினருக்குக் கண் தெரியாது, வேண்டிய உதவி செய்யவும்’ என்று நல்ல மனதோடு எழுதினீர்கள். அந்த ஒரு வரி எனக்கு இரண்டு நாள் முன்பே இங்கே வந்து இறங்கி, எல்லாரையும் கலக்கி வைத்திருந்தது. காரிலிருந்து காலை வெளியே வைத்ததும் என் முட்டியில் ஏதோ இடித்தது. தடவிப் பார்த்தால் சக்கர நாற்காலி. பக்கத்தில் விடுதி மேலாளர், எனக்குக் காதும் கேட்காது என்று யாரோ சொன்ன மாதிரி, உட்காருங்கள் உட்காருங்கள் என்று கத்துகிறார். எனக்குக் கால் நன்றாக இருக்கிறது என்றேன். பரவாயில்லை சார், உட்காருங்கள் என்றார். நான் முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரித் தொலைபேசி அறையில் இணைப்புக் கொடுத்தவன். ஒரு குரல் மனதிலிருந்து வருகிறதா, எழுதி வைத்த காகிதத்திலிருந்து வருகிறதா என்று எனக்குத் தெரியும். இது காகிதக் குரல். அதோடு வாதாடிப் பயனில்லை என்று, நாற்காலியில் என் பெட்டியை உட்கார வைத்துவிட்டு நானே தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒன்று சொல்ல வேண்டும், கண் தெரியாதவன் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்தால் கூட்டம் விலகுகிற வேகத்தை என் வெள்ளைக்கோல் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை.

அறை தரைத்தளத்தில், உடல் ஊனமுற்றோருக்கென்றே கட்டியது. முகம் கழுவும் தொட்டி என் தொடை உயரத்தில் இருந்தது. குனிந்து பல் துலக்கியதில் என் நெற்றி குழாயைச் சந்தித்தது. ஏ.சி.யை இயக்கச் சுவரில் ஒரு கண்ணாடித் தகடு இருந்தது, பொத்தான் ஒன்றுகூட இல்லை, தடவினால் வழவழவென்று மீன் முதுகு மாதிரி. எங்கே தொட்டேனோ தெரியாது, அறை ஐஸ் பெட்டியானதுதான் மிச்சம். குளியலறையில் ஒரு கயிறு தொங்கியது. அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள், கயிறு ஒன்று தொங்கினால் இழுத்துப் பார்க்காத மனிதன் உண்டா? இழுத்தேன். எங்கோ ஒரு மணி அலறியது, கதவு திறந்தது, காலடிகள் ஓடி வந்தன. நான் துண்டோடு நின்றபடி, எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அஞ்சு பேர் சார் என்றார்கள். சரி, வந்தது வந்தீர்கள், அந்த ஏ.சி.யைக் குறைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

இதெல்லாம்கூடப் பெரிதல்ல மாப்பிள்ளை. ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினேன். காற்று வரவில்லை, கடலும் கேட்கவில்லை. விரல் சிமெண்டில் முட்டியது. மேலாளரைக் கூப்பிட்டு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டால், சமையல்கட்டின் பின்சுவர் என்கிறார். கடல் பக்க அறை கேட்டுத்தானே பதிவு செய்தோம் என்றால், “உங்களுக்கு எப்படியும் தெரியப் போறதில்லையே சார், அதான் பாக்கறவங்களுக்குக் குடுத்துட்டோம்” என்றார். சொல்லும்போது அவர் குரலில் துளி கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். கடலைக் கண்ணால் மட்டும்தான் அனுபவிக்க முடியும் என்று அவர் நிஜமாகவே நம்புகிறார். கூடவே, என்னைச் சமாதானப்படுத்த, இந்த விடுதியில் எல்லாக் கதவிலும் பிரெய்ல் பலகை இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அது கடலைவிடச் சுவாரசியமாகிவிட்டது. ஒரு கட்டடம் முழுவதையும் விரலால் வாசித்து எத்தனை காலமாயிற்று!

மறுநாள் காலை குளிக்கக் கிளம்பினேன். அரை டவுசர், தோளில் துண்டு, கையில் கோல். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் நீச்சல் குளம் எங்கே என்று கேட்டேன். ‘இப்படிப் போய் அப்படித் திரும்புங்க’ என்று கையைக் காட்டியிருக்கிறாள் போல. அவள் குரல் எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் நடந்தேன். கதவு கதவாகத் தடவிக்கொண்டு போனதில் நான்காவது கதவில் அழகான புள்ளிகள், தெளிவாக, ‘நீச்சல் குளம்’. திறந்து உள்ளே போனேன். ஈரவாடை இல்லை, காபி வாசனை. ஒரு மனிதர் ஒலிபெருக்கியில், வாழ்க்கையில் எதிர்பாராதது எந்த நிமிடமும் கதவைத் திறந்துகொண்டு வரும் என்று பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். நூறு நாற்காலிகள் ஒரே சமயத்தில் திரும்புகிற சத்தம் கேட்டேன். குளக்கரையில் கூட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, மரியாதையாக,

“தண்ணி எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

யாரோ ஓடி வந்து மூடி திறந்த பாட்டில் ஒன்றை என் கையில் வைத்தார். கொடுத்ததை மறுக்கக் கூடாதென்று ஒரு வாய் குடித்தேன். பிறகுதான் தெரிந்தது, அது இன்ஷூரன்ஸ் முகவர்களின் ஆண்டுக் கூட்டம். அந்த நிலையிலும் ஒருவர் பக்கத்தில் வந்து, எனக்கு விபத்துப் பாலிசி இருக்கிறதா என்று காதோடு விசாரித்தார். என் மகளிடம் இந்தப் பகுதியைச் சொல்ல வேண்டாம். குறிப்பாக டவுசர்.

அப்போது என் பக்கத்தில் ஒரு பெண்குரல், ஐம்பது வயதிருக்கும், கொஞ்சம் கரகரப்பு. “உங்க கையை நான் பிடிச்சுக்கவா, இல்ல என் கையை நீங்க பிடிச்சுக்கறீங்களா?” என்று கேட்டது. அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவின் மேற்பார்வையாளர் அம்மா அவர். இந்த விடுதியில் காலெடுத்து வைத்ததிலிருந்து எனக்கு என்ன வேண்டும் என்று என்னையே கேட்ட முதல் ஆள். வெளியே வந்ததும் அந்தப் பலகையைக் காட்டி, இதில் நீச்சல் குளம் என்றல்லவா எழுதியிருக்கிறது என்றேன். “ஆறு வருஷமா தினமும் துடைக்கிறேன் சார், என்ன எழுதியிருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது” என்றார். அடுத்த கதவில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். நான் போய் முழுக்கால் சட்டை மாட்டிக்கொண்டு வந்தேன், அவர் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்தார்.

மதியம் வரைக்கும் விடுதியையே வாசித்தோம் மாப்பிள்ளை. மின்தூக்கிக் கதவில் ‘சமையலறை, ஊழியர்கள் மட்டும்’. மாடிப்படி தொடங்கும் இடத்தில் ‘மின்தூக்கி’ என்று இருந்தது, நம்பிக் கால் வைத்தால் என்ன ஆவது? ஆண்கள் கழிவறையில் ‘நூலகம்’. இந்த விடுதியில் நூலகமே கிடையாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அந்த அம்மா. பலகைகள் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தனவாம். மாட்ட வந்த ஆளுக்கும் புள்ளிகளைப் படிக்கத் தெரியாது, மாட்டச் சொன்னவருக்கும் தெரியாது. திருகு ஓட்டை எங்கே பொருந்தியதோ அங்கே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அந்த அம்மா தானும் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு, விரலை வைத்து, “எறும்பு வரிசையா நின்னு யோசிக்கிற மாதிரி இருக்கு” என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசியாக வந்தது மேலாளரின் அறை. வாசித்ததை நான் சொன்னதும் அந்த அம்மா நோட்டில் எழுதத் தயங்கினார்.

இருவரும் உள்ளே போனோம். நான் நடந்ததைச் சொன்னேன். இருக்க முடியாது சார், போன வருடம் ஆய்வு நடந்து சான்றிதழ் வாங்கியிருக்கிறோம் என்றார் மேலாளர். ஆய்வுக்கு வந்தவர் எப்படிப் பார்த்தார் என்று கேட்டேன். எல்லாக் கதவிலும் பலகை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டாராம். தன் கதவில் என்ன இருக்கிறது என்று மேலாளர் கேட்டார். அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, நோட்டைப் பார்த்து, “அழுக்குத் துணியை இங்கே போடவும்னு இருக்கு சார்” என்றார்.

பிறகு மேலாளர் பேசினார். காகிதம் போய்விட்டது, முதல் தடவையாக அவருடைய சொந்தக் குரலைக் கேட்டேன். மெல்லிய குரல். மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றார். எனக்கும் சங்கடமாக இருந்தது. நான் புகார் எழுதுகிறவன் இல்லை, பலகைகளைச் சரியாக மாட்டுங்கள், எனக்கு மட்டும் மூன்றாம் மாடியில் கடல் பக்க அறை கொடுங்கள் என்றேன். உடனே பயந்துவிட்டார்.

“பால்கனி இருக்கு சார் அங்க. நீங்க விழுந்துட்டா நான்தானே பதில் சொல்லணும்?”

“கண்ணு தெரியறவங்க விழமாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?”

“இல்ல.”

“கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம்?”

“நெஞ்சு வரைக்கும் இருக்கு சார்” என்றார் அந்த அம்மா, மேலாளருக்கு முந்திக்கொண்டு. மேலாளர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சாவியை எடுத்தார்.

புது அறையை அந்த அம்மாவே வலது சுவரிலிருந்து தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். ஷாம்பு பாட்டிலில் ஒரு ரப்பர் வளையம், எண்ணெய்ப் பாட்டிலில் இரண்டு. ஏ.சி.க்குப் பொத்தான் வைத்த பழைய ரிமோட் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார். இதற்கெல்லாம் அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு பால்கனிக் கதவைத் திறந்தார்.

கடல் ஒரே சத்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை மாப்பிள்ளை. தூரத்தில் ஒரு முழக்கம், கிட்டே அலை உடைகிற சத்தம், அப்புறம் அது திரும்பிப் போகும்போது கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு போகிற ஒரு சலசலப்பு. அந்த மூன்றாவது சத்தத்தை எனக்கு யாரும் சொன்னதே இல்லை. உப்பு உதட்டில் வந்து உட்கார்ந்தது. கடல் இப்போது பார்க்க எப்படி இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். இந்தப் பால்கனிகளைத் துடைத்திருக்கிறேனே தவிர நின்று பார்த்ததில்லை என்றார். பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். ரொம்ப நேரம் நின்றார். “இன்னிக்கு இதுக்கு நிறமே இல்ல சார். வெளிச்சம் மட்டும் இருக்கு” என்றார். அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், ஏனென்று கேட்காதீர்கள்.

ஆகவே, நெற்றியில் சின்ன வீக்கம் தவிரச் சேதம் ஒன்றுமில்லை. நாளை மறுநாள் காலை வீட்டில் இருப்பேன். இந்த வயதில் ஒரு மனிதன் தனியாகப் போனால்தான் இத்தனை கதவுகளைத் தொட்டுப் பார்க்க முடியும், கூட ஆள் வந்தால் கையைப் பிடித்து நேராகக் குளத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள் என்பதை என் மகளுக்கு இதமாக எடுத்துச் சொல்லுங்கள். அவள் அனுமதி தந்தால் போவேன். அனுமதி தராவிட்டால், மறுபடி ஒருமுறை அனுமதி கேட்பேன். பேத்திக்கு என் முத்தங்கள். உங்கள் குடும்பம் எல்லா நலனும் பெற்று, எந்தக் கதவைத் திறந்தாலும் நல்லதே எதிரே வர மாமாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: மேலே உள்ளதை அடித்து முடித்து அனுப்புவதற்குள் தொலைபேசி அடித்தது. பேசியவர் தலைமை அலுவலகத்து அம்மையார். நம் மேலாளர் எதையும் மறைக்காமல் தானே அவருக்கு எழுதிப் போட்டுவிட்டாராம், வேலையும் போகவில்லையாம். இவர்களுக்கு இன்னும் ஒன்பது விடுதிகள் இருக்கின்றன, பலகை மாட்டியது எல்லாவற்றிலும் அதே ஆள். ஒவ்வொன்றாகப் போய் வாசித்துச் சொல்ல மூன்று வாரம் வர முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன். வண்டி கீழே நிற்கிறது. உங்கள் அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன், “மூணு வாரமா?” என்றாள், அந்தக் குரலில் வருத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கடிதத்தைத் திருப்பி அடிக்க நேரமில்லை. ஆகவே ‘அனுமதி’ என்று வரும் இடங்களில் எல்லாம் ‘தகவல்’ என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும்.