அலமாரி மேல் சுலோசனா

சுலோசனாவுக்குக் காலையிலிருந்து மூச்சில்லை.

சுப்பையா மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்துபோய், கீழே ஒரே ஒரு சிவப்பு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பதறாதீர்கள் கண்ணுகளா. இந்தச் சுலோசனா வைஃபை பெட்டி. சுப்பையாவின் மனைவி சுலோசனா விடியுமுன்னே கம்பெனி வண்டி ஏறித் தையல் வேலைக்குப் போய்விட்டாள். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி அது. உள்ளே போனால் ஷிப்ட் முடியும்வரை அவள் கிணற்றில் போட்ட கல்.

லைன் போட வந்த கன்னடக்காரப் பையன் ஹேமந்த், "பேரு ஏனு ஹாக்கலி சார்?" என்று கேட்டிருந்தான், பெட்டிக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று. ரேஷன் கார்டு மாதிரி குடும்பத் தலைவி பெயரைக் கேட்கிறான் போலிருக்கிறது என்று சுப்பையா பெண்டாட்டி பெயரைச் சொல்லிவிட்டார். அவனும் அதையே வைத்துவிட்டான். பெயர் அப்படி அமைந்த பிறகு 'அது' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. 'சுலோசனா தூங்கறா', 'சுலோசனா முழிச்சுக்கிட்டா' என்றுதான் சொல்வார்.

மற்ற நாளாக இருந்தால் கிடக்கட்டும் என்று விட்டிருப்பார். இன்றைக்கு முடியாது. கௌதள்ளியில் சுலோசனாவின் அண்ணன் கெம்பையன் சாகக் கிடந்தார்.

பெயிண்டர் ஒருவனைத் தங்கச்சி தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்று அந்த மனிதருக்குப் பொறுக்கவில்லை. ஊர் கூடியிருக்கும்போதே சொன்னார்: "நீ இனிமே என் வாசப்படி மிதிக்கக் கூடாது. நானும் உனக்குக் கோடி எடுத்துக்கிட்டுத்தான் உன் வாசப்படி மிதிப்பேன்."

கோடி என்றால் தெரியுமல்லவா? செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கடைசியாகப் போர்த்துகிற புதுப்புடவை. சொன்ன சொல்லை இத்தனை வருஷமாக அவரும் தாண்டவில்லை, இவளும் தாண்டவில்லை.

நேற்று கெம்பையனின் மனைவி பஞ்சவர்ணம் போன் செய்தாள்.

"மாப்ள, கஞ்சித் தண்ணிகூட எறங்கலீங்க இவருக்கு. வாயத் தொறந்தா 'அம்மிணி, அம்மிணி'ங்கறாரு. வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுதானுங்க சொன்னாரு? போன்ல மூஞ்சி பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே. நாளைக்குச் சாயங்காலம் வீடியோ போடுங்க. சன்னலோரமா வெளிச்சம் படற எடமாப் பாத்துத்தான் படுக்க வெச்சிருக்கறோம். நல்லாத் தெரிவாரு."

சுலோசனா ராத்திரி முழுக்க அழுதாள். காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"லீவு போடேன்" என்றார் சுப்பையா.

"இன்னிக்குப் போட்டுட்டா, நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா எதப் போடறது?" என்றாள். வாசலில் நின்று திரும்பினாள். "நான் வர்றதுக்குள்ள நெட்டு ஒழுங்கா இருக்கணும். தெருவுல நின்னுக்கிட்டு எங்கண்ணன்கூட அழ முடியாது. இது ஒண்ணுதாங்க உங்ககிட்ட கேக்கறேன்."

சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்ததிலிருந்து சுப்பையாவிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்ட இந்த ஒன்றும் இப்போது சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மண்டி மொஹல்லாவில் அவர் இருக்கும் சந்துக்குள் வெயிலே யோசித்துத்தான் நுழையும். செல்போன் சிக்னல் எங்கே நுழைவது? சன்னல் கம்பியில் காதை ஒட்டிக்கொண்டு கத்தினால்தான் ஏதோ கொஞ்சம் கேட்கும். வெளியே தூறல். சுப்பையா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, சன்னலோரம் போய் ஹேமந்தை அழைத்தார்.

"ஹேமந்து! சுலோசனா போயிட்டாப்பா!"

எதிர்வீட்டில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த கமலம்மாளின் கை அப்படியே நின்றது. கமலம்மாளுக்குச் சொந்த ஊர் கௌதள்ளியை ஒட்டிய ஹனூர் பக்கம். பஞ்சவர்ணத்துக்குத் தூரத்து உறவும்கூட.

"அணைச்சுப் போடுங்க சார், சரியாயிடும்" என்றான் ஹேமந்த்.

அணைத்துப் போட்டார். இருந்த சிவப்பும் போய்விட்டது.

"உயரமான எடத்துல வெச்சுப் பாருங்க."

ஒற்றைக் காலில் நின்று அலமாரி மேல் தூக்கி வைத்தார். வைக்கும்போது நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி எடுத்துத் துடைத்து வைத்தார். இப்போது உள்ளே ஏதோ கலகலவென்று சத்தம் கேட்டது.

"பின்னாடி சின்னதா ஒரு ஓட்ட இருக்கும் சார். ஊசி விட்டுக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க. நிதானவா."

சுப்பையா தேடினார். அரிசி மூட்டை தைக்கிற கோணி ஊசிதான் கைக்குக் கிடைத்தது. குத்தினார். எல்லா விளக்குகளும் ஒருசேரப் பளிச்சென்று எரிந்தன. சந்தோஷப்படுவதற்குள் ஒருசேர அணைந்தன. மெல்லிசாக ஒரு புகை நாற்றம் வந்தது.

சன்னலுக்கு ஓடினார், அதாவது அந்தக் காலை வைத்துக்கொண்டு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு.

"ஊசியும் போட்டாச்சுப்பா! ஒரே ஒரு தடவ முழிச்சுப் பாத்தா. அப்படியே அடங்கிட்டா! இனி ஒண்ணும் இல்ல!"

கொத்தமல்லித் தட்டு கீழே விழுந்தது.

"அய்யய்யோ சார்" என்றான் ஹேமந்த். "சரி, நானே பர்த்தீனி, வந்துடறேன். அத எடுத்துட்டுப் புதுசு வெச்சுக் குடுத்திடறேன்."

கமலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து வாசற்படியிலேயே நின்றாள். சுப்பையா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"எப்ப தம்பி?"

"விடிகாலையிலயே கமலக்கா. ராத்திரிகூட நல்லாத்தான் இருந்தா."

"பாவி மக. சொல்லவேண்டியவங்களுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. ஆள் வருது எடுக்கறதுக்கு."

"அதுக்குள்ளயா?"

"பின்ன? வெச்சுக்கிட்டு என்ன பண்றது? சாயங்காலத்துக்குள்ள புதுசு வந்துடும்."

கமலம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "புதுசா? இன்னிக்கேவா தம்பி?"

"இன்னிக்கே வந்தாகணும்க்கா. இல்லேன்னா கெம்பையன் மச்சான் மூஞ்சில எப்படி முழிப்பேன்? பழைய பேரையே வெச்சுக்கலாமாம், அவன் மாத்திக் குடுத்துடுவான்." அவர் பெருமூச்சு விட்டார். "உள்ளதான் இருக்கா. பாக்கறீங்களா?"

"வேண்டாம் தம்பி. நான் தாங்க மாட்டேன்."

சந்தில் திரும்பி நடக்கும்போதே அவள் பஞ்சவர்ணத்தை அழைக்கப் பட்டன் போனை எடுத்துவிட்டாள். பிறந்த வீட்டுக்காரர்கள் வராமல், கோடி போர்த்தாமல், அந்தப் பெண்ணை எடுக்க விடுவதா? இந்த மனுஷன் அடுத்தவளுக்குப் பெயர்வரைக்கும் யோசித்துவிட்டானே!

மத்தியானம் தாண்டியது. தூறல் மழையானது. ஹேமந்த் வரவில்லை. வந்தது வேறு ஆட்கள்.

முதலில் மாடிவீட்டுப் பசம்மா வந்தாள். கையில் சேவந்திப்பூ மாலை. எதுவும் பேசாமல் அதை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். பிறகு முக்கு டீக்கடைத் தொட்டையன் வந்தார். செருப்பை வெளியே விட்டார், தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

சுப்பையா மாலையைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார்.

ஆக, கெம்பையன் மச்சான் போய்விட்டார்.

கமலம்மாளுக்கு ஊரிலிருந்து சேதி வந்திருக்கிறது. நம்மிடம் வாய்விட்டுச் சொல்ல மனசில்லாமல் இப்படிச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வருவாளே, கேட்பாளே, என்ன சொல்வது?

"என்னாலதான்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். "என் கையாலதான் கெட்டுது! காலையில கொஞ்சம் பக்குவமாப் பாத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா? ஒரு தடவ மூஞ்சி பாத்திருக்கலாமே!"

"ஏன் மாடோது, என்ன பண்றது தம்பி" என்று பசம்மா அவர் முதுகைத் தடவினாள். "நம்ம கையல்லி ஏனிதே, நம்ம கையில என்ன இருக்கு?"

"போற உசுர யார் புடிச்சு வைக்க முடியும்" என்றார் தொட்டையன். "உங்க கால் இப்படி இருக்கறப்ப நீங்கதான் என்ன பண்ணுவீங்க."

கமலம்மாள் மட்டும் அழுகிறவனின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் மழைக்கோட்டும் தானுமாக ஹேமந்த் உள்ளே நுழைந்தான். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார்... புதுசு கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றான். அவன் தமிழில் எடுத்துக்கொண்டு வருவதும் கூட்டிக்கொண்டு வருவதும் ஒன்றுதான்.

கமலம்மாள் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பெண் யாரும் இல்லை. ஒரு அட்டைப்பெட்டிதான் இருந்தது.

ஹேமந்த் அலமாரி மேலிருந்ததை இறக்கிக் காதோரம் ஆட்டிப் பார்த்தான். "காலையில லைன்தான் போயிருந்துது சார், பெட்டிக்கு ஒண்ணுமில்ல. அது இப்பதான்..." கோணி ஊசியைப் பார்த்தான். துக்க வீட்டில் என்ன சொல்வது?

புதுப்பெட்டியை மாட்டினான். ஒவ்வொன்றாகப் பச்சை விளக்குகள் எரிந்தன.

"ஆயித்து சார். அதே பேரா? சுலோசனா?"

"அதே பேருதான்" என்றார் சுப்பையா.

கமலம்மாள் பச்சை விளக்குகளைப் பார்த்தாள். சுப்பையாவைப் பார்த்தாள். உள்ரூமை எட்டிப் பார்த்தாள். கட்டிலில் யாரும் இல்லை. "தம்பி..." என்று ஆரம்பித்தாள். அவர் காதில் விழவில்லை. போனைக் கையில் எடுத்திருந்தார். உயிர் போனால் என்ன, முகம் முகம்தானே. உடலை எடுக்குமுன், ஷிப்ட் முடிந்து வருகிற சுலோசனாவுக்கு ஒரு தடவை காட்டிவிட வேண்டும். பஞ்சவர்ணத்துக்கு வீடியோ போட்டார்.

மணி அடித்தது. போனில் மட்டுமல்ல, சந்து முனையிலும் அடித்தது.

எல்லோரும் திரும்பினார்கள். தெருவில் ஒரு ஜீப் சேறும் சகதியுமாக நின்றிருந்தது. அதிலிருந்து கட்டுமஸ்தான ஒரு மனிதர் குதித்தார். நெற்றி நிறையத் திருநீறு. கையில் கொள்ளேகால் கடைப் பையில் ஒரு பட்டுப்புடவை. மழையில் வழுக்காமல், ஒரே மூச்சில் சந்தைத் தாண்டி, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, அந்த வாசற்படியை மிதித்து உள்ளே வந்தார்.

"அம்மிணீ! நான் முந்திக்கிறதுக்குள்ள நீ போயிட்டியே அம்மிணீ!"

சுப்பையாவின் கையிலிருந்து போன் விழுந்தது. செத்தவர் எதிரே நின்று அழுதுகொண்டிருந்தார்.

"மச்சான்... நீங்க..."

"எங்க வெச்சிருக்கற எந்தங்கச்சிய?"

"கொஞ்சம் வழி விடுங்க, யாருக்கு என்ன ஆச்சு? அவருக்கா? ஐயோ, கொஞ்சம் வழி விடுங்களேன்!" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. சாப்பாட்டுப் பையும் நனைந்த தலையுமாகச் சுலோசனா உள்ளே வந்தாள்.

பசம்மா வீலென்று அலறினாள். தொட்டையன் துண்டைத் தோளில் போட்டுக்கொள்வதா கையிலேயே வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றார்.

அண்ணனும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எத்தனையோ வருஷத்துப் பார்வை. கெம்பையன் கோடி எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தார், சொன்ன சொல் தப்பவில்லை. போர்த்தத்தான் ஆளில்லை. இருந்தவள் உயிரோடு எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் புடவையை அப்படியே அவள் தோளில் போட்டு, அவளையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது.

"அண்ணா" என்றாள் சுலோசனா, அவர் மார்பிலிருந்து மெல்லத் தலையை எடுத்து. தோளைத் தொட்டுப் பார்த்தாள், கையைத் தொட்டுப் பார்த்தாள். "கஞ்சித் தண்ணிகூட எறங்கலன்னாங்களே! எந்திரிக்கவே முடியாமக் கெடக்கறீங்கன்னாங்களே!"

கெம்பையன் சட்டென்று இருமினார். இருமல் சரியாக வரவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அப்போதுதான் மூச்சு வாங்க வாசலுக்கு வந்து சேர்ந்தாள் பஞ்சவர்ணம்.

"நீ வேற அம்மிணி, இந்த மனுஷனுக்குச் சளிகூடப் புடிக்கல. உங்கூடப் பேச வேற வழி தெரியாம, வீடியோவுக்குன்னுதான் நேத்தே பாயை விரிச்சுச் சாகப் படுத்தாரு!"