லோஜினி மிஸ்ஸின் அமைதி அறை

அமைதி அறைக்குள் கால் வைத்ததுமே நப்லா அழத் தொடங்கிவிட்டாள். சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் தவிக்கும் பிள்ளைகளுக்கென்று, துறைமுகத்தைப் பார்த்திருந்த பள்ளிக்கூடத்துப் பழைய சாமான் அறைக்கு நீலத் திரையும் மெத்தையும் மங்கல் விளக்கும் போட்டு ஒழுங்குபண்ணியவள் லோஜினி மிஸ்தான். யார் யாரிடமோ பல்லிளித்து வாங்கிய அறை. இன்றுதான் முதல் பிள்ளை வந்திருக்கிறாள்.

"இண்டைக்குச் சரிவராட்டி, உடைஞ்ச கதிரையளைத் திரும்ப உள்ளுக்கு அடுக்கவேண்டியதுதான்," என்று அதிபர் சிவகுரு காலையிலேயே சொல்லியிருந்தார்.

மின்விசிறிதான் கடகடக்கிறது என்று லோஜினி அதை நிறுத்தினாள். நப்லாவின் அழுகை கூடியது.

"மிஸ், இவக்கு..." என்று தாய் ரிஸ்லா வாயெடுத்தாள். லோஜினி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

ஜன்னலைச் சாத்தினாள். அழுகை இன்னும் ஏறியது. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பினாள். பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்க வந்தவரை வாசலில் மறித்து, தேவையில்லாமல் பணிஸ் வாங்கி, கெஞ்சித் திருப்பி அனுப்பினாள். உதவி செய்யப் புறப்பட்டவர்களைப் பிடித்து நிறுத்துவது லேசில்லை. பள்ளிக்கூடமே பரீட்சை மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. நப்லா மெத்தையில் புரண்டு புரண்டு அழுதாள்.

ரிஸ்லா மறுபடியும் வாய் திறந்தாள்.

"ஒண்டும் கதைக்காதீங்கோ. பிள்ளைக்குக் கூடாது," என்று லோஜினி கிசுகிசுத்தாள்.

அதிபர் கதவடியில் வந்து நின்றார். கையில் ஒரு கால் போன கதிரை. லோஜினிக்கும் அழுகை வந்துவிட்டது.

தாயையும் பிள்ளையையும் கிண்ணியாவிலிருந்து ஏற்றி வந்த றம்ஸான், இனி வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று நினைத்து, ஜன்னலுக்கு வெளியே ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினார். பழைய ஆட்டோ. கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. லோஜினி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

நப்லா அழுகையை நிறுத்தினாள். சுவரில் உள்ளங்கையை வைத்தபடி சுருண்டு படுத்து, கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. அதிபர் கதிரையைத் தூக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்து வெளியேறினார். போன உயிர் திரும்பி வந்ததுபோல லோஜினி வாசலுக்கு ஓடினாள்.

"நானா, ஆட்டோவ நிப்பாட்டிப்போடாதீங்கோ. இதென்ன அதிசயம்?"

றம்ஸான் சிரித்தார்.

"அதிசயம் ஒண்டுமில்ல மிஸ். புள்ளட வீடு நெல்லு மில்லுக்குப் பக்கத்துல. வெள்ளிக்கிழமைல மில்லப் பூட்டினா, புள்ளய உறங்க வெக்க என்ட ஆட்டோவத்தான் ஜன்னலடில ஸ்டார்ட்ல விட்டு வெக்கிற."