வாயைத் திறந்தால்தான் கேஜ் இறங்கும்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே எந்த ‘ர’ போடுவது என்று இன்றுவரை பிடிபடவில்லை. பத்திரிகை ஆபீசில் இருப்பவர்கள் திருத்திக்கொள்ளவும். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன், அதனால் எழுதுகிறேன்.

கோலார் தங்க வயலில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த துரைமார் எத்தனையோ பேர். மனுஷன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஆ மேஸ்திரி. சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவள் அவர் மனைவி ஒருத்தி. புருஷன் பெயரை அவள் வாயால் சொல்வாளா?

மின்சார விளக்கு வராத காலம் அது. எங்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அதன் கதவைச் சாத்தி, மணிக்கயிற்றை இழுத்து, கீழே அனுப்புவது மேஸ்திரியின் வேலை. அவர் அதோடு நிற்கவில்லை. கை விளக்கைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொருவனையும் நிறுத்தி, “ஆ காட்டு” என்பார். பல்லிடுக்கில் கேழ்வரகு தெரிந்தால் உள்ளே போகலாம். தெரியாவிட்டால் விசாரணை.

“நாஷ்டா இன்னா துன்னே?”

“வெத்தலை போட்டேன் மேஸ்திரி.”

“ஏன், ஆடா நீ? எல தின்னுட்டு வந்து நிக்கிறே?”

கதவோரம் ஒரு சட்டியில் கூழ் வைத்திருப்பார். பட்டினியாக வந்தவன் அதில் ஒரு சொம்பு குடித்தாக வேண்டும். அவன் குடித்து முடிக்கும்வரை வரிசையில் நிற்பவர்கள் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவார்கள். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அதைவிட, கேஜ் இறங்கும் குழியான ஷாப்டில் தலைகீழாக விழுந்துவிடலாம்.

“நேரம் இல்ல மேஸ்திரி” என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. “மொத சங்குக்கும் ரெண்டாஞ் சங்குக்கும் நடுவுல இன்னாடா புடுங்குறே? ராத்திரியே களிய தண்ணில போட்டு வெச்சுட்டியா, காலீல மோர ஊத்திக் கரைச்சியா, வெங்காயத்த கடிச்சியா, ஒரு பிடி வெந்த அவரக்கொட்டைய வாயில போட்டியா, நடந்துகினே மென்னுகினு வா! உக்காந்து துன்ன நீ இன்னா தொரையா?” என்று ஒரே மூச்சில் பொழிந்துவிடுவார்.

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒருவன் தினமும் வீட்டு வாசலில் நின்று ஒரு விரல் கூழை மீசையில் தடவிக்கொண்டு வந்தான். நாலு நாள் செல்லுபடியாயிற்று. ஐந்தாம் நாள் மேஸ்திரி அந்த மீசையை இரண்டு விரலால் பிடித்துச் சொன்னார்: “கேஜ்ல மீச மட்டும் போவட்டும். நீ சாப்ட்டுட்டு வா.”

இப்படியே போனால் கேஜ் நேரத்துக்கு இறங்குமா? ஒருநாள் சுரங்கத்துக்கே அதிகாரியான கேப்டன் துரை வந்துவிட்டார். கையில் கடிகாரம். “நாளைக்கு ஒரு நிமிஷம் லேட், நீ வீட்டுக்கு!” என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நாங்கள் குடியிருந்த ஊரிகம் லைன் வீடுகள் முழுக்க இதே பேச்சு. நாளைக்கு எல்லாரும் வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டு வருவது, மேஸ்திரியின் வேலையைக் காப்பாற்றுவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. நான்தான் எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் தூங்கிப்போனவனும் நான்தான்.

பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியாத்தத்துக்குப் போயிருந்தாள். களி கிண்ட மறந்துவிட்டேன். சுரங்கத்தின் இரண்டாம் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்தது கேழ்வரகு மாவு மட்டும். பல்லில் ஒட்டினால் போதும்தானே என்று ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

கேஜ் வாசலில் துரை, கடிகாரத்தைப் பார்த்தபடி. பதினோரு பேர் “ஆ” காட்டி ஏறிவிட்டார்கள். கடைசி ஆள் நான்.

“ஆ காட்டு.”

காட்டினேன். இருமல் வந்தது. உள்ளே இருந்த மாவெல்லாம் புகையாகக் கிளம்பித் துரையின் வெள்ளைக் கோட்டு, கடிகாரம், தாடி மூன்றின்மேலும் படிந்தது.

மேஸ்திரியின் கை மணிக்கயிற்றில் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் கேஜ் நேரத்துக்கு இறங்கியிருக்கும், வேலையும் நிலைத்திருக்கும். அவர் கயிற்றை விட்டார். என்னை ஓரமாக இழுத்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, சொம்பை நீட்டினார்.

“மாவத் துன்னுட்டா பாறைய ஒடைப்பே? குடிடா.”

துரை கத்தினார். “லேட்! நீ வீட்டுக்கு!”

“போறேன் தொரே. இவன் முழுங்கி முடிக்கட்டும், போறேன்.”

அன்றைக்கு ஒருவனும் எண்ணவில்லை. சொம்பைக் கீழே வைத்தேன். என் வாழ்நாளில் ஒரு துரையிடம் நான் வாய் திறந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

“தப்பு என்னுது தொரே. நான் துன்னாம வந்துட்டேன். பக்கத்து ஷாப்டுல போன மாசம் பட்டினியா எறங்குனவன் மயக்கம் போட்டு, அவன மேல கொண்டாற கேஜ் அரை மணி நேரம் நின்னுச்சு. நம்ம ஷாப்டுல இவர் வந்தப்புறம் ஒருத்தனும் விழலை. இங்க நிக்கிறது ஒரு நிமிசந்தான் தொரே.”

துரை வெகுநேரம் கடிகாரத்தைத் துடைத்தார். அதில் அவ்வளவு மாவு இல்லை. பிறகு, “கேஜ் பக்கம் இது வேணாம். வேற எங்க வேணும்னாலும் பாரு” என்று சொல்லிவிட்டுத் தாடியைத் தட்டிக்கொண்டே நடந்தார்.

வேலை தப்பியது. எங்கள் நிம்மதி போயிற்று. ‘வேற எங்க வேணும்னாலும்’ என்பதற்கு மேஸ்திரி கண்டுபிடித்த இடம் எங்கள் வீடுகள். மறுநாள் முதல் சங்குக்கு முன்னாலேயே கை விளக்கோடு லைனுக்கு வந்துவிட்டார். முதலில் தட்டியது என் கதவை.

“ஏன் மேஸ்திரி, வரிசையில மொத வூட்ட வுட்டுட்டு?” என்றேன்.

“ஒன்ன மட்டும் நம்ப முடியாது. எந்திரி.”

எட்டு வருஷம் இப்படித் தட்டினார். இப்போது வேலூர்ப் பக்கம் மகளோடு போய்விட்டார். அவரிடம் நான் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். அந்த எட்டு வருஷத்தில் பாதி நாள் அவர் வருவதற்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிடும். இருந்தாலும், தட்டட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்தே கிடப்பேன்.

எழுதி முடித்தது: கார்த்திகை மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.