தராசு அண்ணாச்சியின் பந்தயக் கார்

காலை ஐந்தே முக்கால். ரப்பர் ஷீட் காயப்போடும் சிமெண்ட் களத்தில் ஐம்பது வயது மனிதர் ஒருவர் குப்புறக் கிடந்தார். தாடை தரையில், ஒரு கண் மூடியிருந்தது. குலசேகரத்தில் நிருபராக நான் குடிவந்த மறுநாள் அது. மாடியிலிருந்து ஓடி இறங்கினேன். கிட்டே போன பிறகுதான் அவர் மூக்குக்கு முன்னால் முழ நீளத்தில் ஒரு கார் நிற்பது தெரிந்தது.

"நடக்காதேயும் ஓய், தரை அதிருது" என்றார்.

அவர்தான் தராசு அண்ணாச்சி. ரப்பர் கடைகளின் எடை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். நிறுத்துப் பார்க்காமல் இந்த உலகத்தில் எதையும் நம்பாத ஒரே மனிதர். டீக்கடையில் வடையைக் கையில் ஏந்தி, "நேத்தைக்கு நாலு கிராம் கூட இருந்துது" என்பார். கடைக்காரர் அவருக்கென்று பெரிய வடையாகத் தேடி எடுத்து வைத்திருப்பார்.

கார் ரிமோட்டில் ஓடுவது. விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் மூன்று நாள் பேசமாட்டார். மேல்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பெல்ட் என்று நிஜக் காரின் சங்கதிகள் எல்லாம் உள்ளே இருக்கும். சேசிஸ் எனப்படும் அடித்தட்டு கனமாக இருக்கிறதென்று அதில் துளை போட்டார். போட்டுக்கொண்டே போனதில் அது இடியாப்பத் தட்டு போலாகி ஒரு நாள் இரண்டாக ஒடிந்தது. பிறகு கார்பன் தகடு வாங்கித் தானே அறுத்துக்கொண்டார்.

நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் நான்கு நகைக்கடைத் தராசுகளை வைத்து, இடது வலது பாரம் சமமாகும்வரை பாட்டரியை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். அதற்கு மேடு பள்ளமில்லாத தளம் வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று, மனைவி ஸ்டெல்லா அக்கா கப்பு சாசர் அடுக்கிவைக்கும் அலமாரியின் கண்ணாடிக் கதவு.

"அலமாரிக்க கண்ணாடி எங்க?"

"தரையில கெடக்கு. சவிட்டிராத."

"அப்பம் எனக்க கப்பு சாசருக்கு மேல பல்லி ஓடுதே?"

"பல்லிக்கு என்ன வெயிட்டு இருக்கப் போவு, பிள்ளே?"

ஷாக் அப்சார்பருக்குச் சிலிகான் எண்ணெய் ஊற்ற வேண்டும். அது தீர்ந்துபோன ஒரு மார்கழி மாலையில் தேங்காய் எண்ணெய் ஊற்றினார். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுநாள் காலை, பேச்சிப்பாறைப் பக்கமிருந்து இறங்கிய குளிரில் எண்ணெய் உறைந்து, கார் ஆட்டுக்குட்டி போல நாலு காலையும் விறைத்துக்கொண்டு துள்ளியது. வெயில் ஏறி உருகும்வரை பக்கத்தில் குந்தியிருந்த அண்ணாச்சி, "எண்ணெ நல்ல எண்ணெயாக்கும். கலப்படமே இல்ல" என்றார்.

நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஆண்டுதோறும் பந்தயம் நடக்கும். ஆறு வருடமாக அண்ணாச்சி இரண்டாவது. ஆறு வருடமும் முதலாவது மார்த்தாண்டத்துப் பல் டாக்டர். அவருடைய கார் வளைகுடாவிலிருந்து தம்பி அனுப்பியது.

"ஒரே ஒரு தடவ அவருக்க முன்ன போயிட்டா போரும் ஓய். பிறவு எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பார் அண்ணாச்சி. அப்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

ஏழாவது வருடம் நானும் கூடப் போனேன். தொழில் தெரிந்தவராயிற்றே என்று, பந்தயத் தராசைச் சோதிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். அது மூன்று கிராம் கூட்டிக் காட்டியது. திறந்து சரிசெய்தார். விதிப்படி எந்தக் காரும் 1350 கிராமுக்குக் குறையக் கூடாது. ஓடி முடித்த பிறகும் நிறுப்பார்கள். அவருடைய கார், அவர் கையோடு கொண்டுவந்த சொந்தத் தராசில் 1353 இருந்தது. சேசிஸில் ஒட்டியிருந்த ஈயத்துண்டைப் பிளேடால் சுரண்டிச் சுரண்டி, சரியாக 1350-ல் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டுமே, அண்ணாச்சி" என்றேன்.

"எதுக்கு ஓய்? சும்மா சொமக்கதுக்கா?"

கடைசிச் சுற்று வரை டாக்டரின் கார்தான் முன்னால். கடைசி வளைவில் அது கொஞ்சம் அகலமாகத் திரும்பியது. அண்ணாச்சியின் கார் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு நுழைந்து, அரைக் கார் நீளத்தில் கோட்டைத் தாண்டியது. எல்லோரும் கத்தினார்கள். அண்ணாச்சி கத்தவில்லை. ரிமோட்டை என்னிடம் நீட்டிவிட்டுக் காரை எடுக்கப் போனார்.

தராசில் வைத்தார்கள். 1348.

அண்ணாச்சி காரைக் கவிழ்த்து டயர்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கரடுமுரடான சிமெண்ட் தரை ரப்பரைத் தின்றிருந்தது.

"ஈர ஷீட்டு காஞ்சா எடை கொறயும், பாத்து வாங்குங்கன்னு குலசேகரத்துல கடை கடையா சொல்லுத ஆளு நான். எனக்க டயரு தேயும்னு எனக்குத் தோணல்லியே!"

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். "ரெண்டு கிராமுதானே அண்ணாச்சி, பல்லுல வைக்க பஞ்சு அதவிட கனம். கப்ப எடுத்துட்டுப் போவும். காலையில அந்தத் தராசத் தொடாம விட்டிருந்தா இப்பம் அம்பத்தொண்ணு காட்டியிருக்கும்லா?"

"காட்டியிருக்கும்" என்றார் அண்ணாச்சி. "தப்பா காட்டியிருக்கும்."

தராசின் தட்டைத் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் கோப்பையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். போட்டோவுக்குக்கூட அதை உயர்த்தவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தக்கலை வருமுன்பே அண்ணாச்சி தூங்கிவிட்டார். குலசேகரம் வரை காரை நான் மடியில் வைத்திருந்தேன்.